கடலுக்குள் ஒரு காற்றாலை

மதியச் சாப்பாட்டு நேரத்திலேயே வானம் இருண்டுவிட்டது. தீவின் டிஸ்பென்சரியில் ஜெயமணிக்குப் பிரசவ வலி கண்டிருந்தது. நர்ஸ் சந்திரமதி ஜன்னல்களைச் சாத்திவிட்டு சுவிட்சைப் போட்டாள். பல்பு எரிந்தது. கடலுக்குள், பவளப்பாறையின் மேல் நிற்கும் காற்றாலை சுற்றிக்கொண்டிருக்கும்வரை அது எரியும். மின்சாரத்தைச் சேமித்துவைக்கும் பேட்டரி மெயின்லேண்டிலிருந்து அடுத்த கப்பலில் வரும், அடுத்த கப்பலில் வரும் என்று சொல்லியே மழைக்காலம் வந்துவிட்டது.

அந்தக் காற்றாலையைக் கேட்டு வாங்கியவர்களில் அவளும் ஒருத்தி. போன வருடம் அரிக்கேன் வெளிச்சத்தில், ரத்தம் எங்கிருந்து வருகிறதென்றே தெரியாமல், பிள்ளை பெற வந்த பொன்னம்மா அவள் கையில் செத்துப்போனாள். கரையில் காடு காற்றை மறிக்கிறது, கடலுக்குள் வைத்தால்தான் சுற்றும், அதற்குப் பாறையில் கொஞ்சம் வெடி வைக்க வேண்டும் என்று எஞ்சினியர் கிருஷ்ணமூர்த்தி கூட்டத்தில் சொன்னபோது, முதலில் எழுந்து சரி என்றது சந்திரமதிதான். எதிர்த்துப் பேசியவன் ஒரே ஆள்: தோணி வைத்து மீன்பிடிக்கும் அவள் புருஷன் உதயசூரியன்.

"சார், அந்தப் பவளப் பார்தான் எங்களுக்கு வேலி. அத ஒடைச்சா மீனும் போயிரும், கடலும் உள்ள வந்துரும். பத்தி வேணாம்னு சொல்லல. வேற எடம் பாருங்க."

விளக்குக்கு 'பத்தி', அக்காவுக்கு 'தீதி' என்பவைதான் தீவில் எல்லா பாஷைக்காரர்களுக்கும் பொதுவான சொற்கள். கூட்டம் பத்தியின் பக்கம் கை தூக்கியது.

வீட்டுக்கு வந்ததும் அவன் ஒன்றுதான் கேட்டான். "செத்தவளுக்காகப் பேசுன, சரி. நாளைக்கு நம்ம கஞ்சிக்கு யாரு பேசுவா?"

வெளிச்சம் வந்தது. அதன் கீழ் பிறந்த பிள்ளைகள் எல்லாம் பிழைத்தன. பாறை உடைந்த இடைவெளி வழியாகக் கடலும் வந்தது. கரையோரத் தென்னங்கன்றுகள் சாய்ந்தன. கிணறு உப்புக் கரித்தது. பல நாள் வலை வெறுமனே திரும்பியது. உதயசூரியன் இதில் எதையும் சொல்லிக் காட்டவில்லை. அதுதான் அவளை அறுத்தது.

இப்போது அவன் நனைந்தபடி வாசலில் வந்து நின்றான்.

"காத்து ஏறுது. தோணியில போயி பிரேக் போட்டு சக்கரத்த நிறுத்தணும். இல்லேன்னா டவரோட சாயும். மிச்சமிருக்கிற பாரும் அதோட போயிரும்."

"எஞ்சினியரு எங்க?"

"போர்ட் பிளேயர்ல. ரோடு முங்கிருச்சு."

"நிறுத்துனா பத்தி போயிருமே. பிள்ள திரும்பிக் கெடக்குங்க."

அவன் பல்பையும் கட்டிலில் கிடந்தவளையும் பார்த்தான். "அரிக்கேன ஏத்தி வச்சுக்க," என்றான்.

போகாதீங்க என்று சொல்ல அவள் வாயெடுத்தபோது ஜெயமணி வீறிட்டாள். அவளைப் பிடித்துவிட்டுத் திரும்பினால் வாசலில் ஆள் இல்லை.

அரிக்கேனை ஏற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். பல்பு அணைந்துவிடுமோ என்று பயந்தாள். அணையாமலே இருந்துவிடுமோ என்று அதைவிடப் பயந்தாள்.

"தீதி, பத்தி போயிராதுல்ல?"

"போகாதும்மா. முக்கு," என்றாள். சொன்ன பிறகுதான் அதன் அர்த்தம் உறைத்தது.

முதலில் கால் தெரிந்தது. பிறகு இடுப்பு. ஒவ்வொரு விரலையும் தெளிவாகப் பார்க்க முடிந்தது. கடலின் பக்கமிருந்து இரும்பு அலறும் சத்தம் கேட்கத் தொடங்கியது. பிள்ளையின் தலை வெளியே வந்து, அது அழுதபோது, மஞ்சளாக எரிந்த பல்பு, நிற்காத சக்கரத்தின் வேகத்தில் வெளுத்து, கண் கூசும் வெள்ளையாகியிருந்தது. கதவுக்கு அடியில் கடல்தண்ணீர் சத்தமில்லாமல் நுழைந்து, அந்த வெளிச்சத்தில் பளபளத்தபடி கட்டிலின் கால்களைச் சுற்றிக்கொண்டது.