பூண்டுப் பாத்தி

தெருவோர மரங்கள் இலைகளைக் கொட்டத் தொடங்கிய சமயத்தில்தான் ஊசியும் அவள் புருஷனும் அந்தக் கடைசி வீட்டுக்குக் குடிவந்தார்கள். ஊசி என்பது புருஷன் வைத்த பெயர். திரைச்சீலைக் கடையின் தையல் பிரிவில் பதினோரு வருஷமாக மெஷின் ஓட்டுகிறாள். ஆளும் ஒல்லி. பேச்சும் நறுக்கென்று குத்தும். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பெயராக வைத்துவிட்டான். அவன் லிஃப்ட் மெக்கானிக். பன்னிரண்டு மாடி ஆழ லிஃப்ட் குழிக்குள் தலையை நீட்டிக் கீழே பார்ப்பது அவனுக்குச் சட்டைப் பையைப் பார்ப்பது மாதிரி.

வீட்டுக்குப் பின்னால் ஆறு பாத்திகள் போடும் அளவுக்கு மண் இருந்தது. முன்பு குடியிருந்த பெண் பாதியில் விட்டுப் போன தோட்டம். திடுதிப்பென்று காலி செய்துகொண்டு போய்விட்டாள் என்று மட்டும் வீட்டுக்காரர் சொன்னார். வேலியில் அவள் விட்டுப் போன பூசணிக் கொடி ஒன்று கேட்பாரற்றுக் காய்த்துக் கிடந்தது. உள்ளங்கைக்குள் அடங்குகிற சின்னக் காய்கள், ஏழு. ஓடு கல் மாதிரி இருந்தது. கறிக்கு ஆகாது.

"குளிர் வர்றதுக்குள்ள விதைச்சிடணும்" என்று ஊசி ஒற்றைக் காலில் நின்றாள். முள்ளங்கி, கேரட், பீட்ரூட், பட்டாணி, கோஸ் நாற்று என்று ஐந்து பாத்திகள் நிறைந்தன. பின்சுவரை ஒட்டிய ஆறாவது பாத்தியில் பூண்டுப் பற்களை ஊன்றினாள். அங்கே மண் பொதுபொதுவென்று இருந்தது, கொத்தவே வேண்டியிருக்கவில்லை. ஒரு விஷயம்தான் விசித்திரம். மற்றப் பாத்திகளில் தண்ணீர் ஊற்றினால் கொஞ்ச நேரம் தேங்கி நிற்கும். பூண்டுப் பாத்தியில் ஊற்றிய மாத்திரத்தில் காணாமல் போகும்.

"இது என்னங்க, ஒட்டகம் மாதிரி குடிக்குது?" என்றாள்.

"உன்ன மாதிரின்னு சொல்லு. நீ டீ குடிக்கிற அழகுக்கு" என்றான் மெக்கானிக்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்குக் கை சும்மா இருக்காது. கடையில் மிஞ்சும் வெட்டுத்துண்டுகளை மூட்டையாகக் கொண்டுவந்து ஒட்டுத்துணி மெத்தை உறை தைப்பாள். காலி பாட்டில்களில் கலர் நூல் சுற்றி ஜன்னலில் வைப்பாள். ஒவ்வொரு பாத்திக்கும் குச்சியில் ஒரு துணிக்கொடி, அதில் அந்தந்தக் காயின் படம். அந்த வரிசையில்தான் ஏழு பூசணிகளையும் கழுவிக் காயவைத்து, சாயம் பூச உட்கார்ந்தாள்.

முதல் ஐந்தில் மீன், கோடு, புள்ளி, பூ, பட்டம். ஆறாவதில் இலைக்கொடி வரையலாம் என்று பிரஷை எடுத்தாள். அரைமணி நேரம் கழித்துப் பார்த்தபோது கையில் இருந்தது ஒரு பெண்ணின் முகம். நீள முகம், அழுத்தமான உதடு. இடது புருவம் நடுவில் வெட்டுப்பட்டு இரண்டு துண்டாக இருந்தது. யாரையும் நினைத்து அவள் வரையவில்லை. இலை வரைகிறோம் என்றுதான் கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தாள்.

மெக்கானிக் எட்டிப் பார்த்தான். "யாரு இது? கடன்காரன முறைக்கிற மாதிரி முறைக்குது."

"தெரியல. கை போன போக்குல போயிடுச்சு."

ஏழாவதில் வேண்டுமென்றே பெரிய சூரியகாந்தி வரைய ஆரம்பித்தாள். இதழ், இதழ் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே பூசினாள். முடித்தபோது அதே முகம். அதே உடைந்த புருவம். இம்முறை வாய் லேசாகத் திறந்து, எதையோ சொல்ல வருகிற மாதிரி. ஊசி அதைச் சட்டென்று கீழே வைத்தாள். பிரஷைக் கழுவாமலே எழுந்துவிட்டாள்.

மறுநாள் பக்கத்து வீட்டு நர்சக்கா கறிவேப்பிலை கேட்டு வந்தார். ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதற்கும் அசராதவர். ஜன்னலோரம் நின்ற பூசணிகளைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"இவங்கள உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"எவங்கள?"

"உனக்கு முன்னாடி இங்க இருந்த எம்பிராய்டரிக்காரி. இந்தப் புருவத்துக்கு நான்தான் தையல் போட்டேன், நாலு தையல். வேலிக் கம்பி கிழிச்சிடுச்சு."

"நான் அவங்கள பாத்ததே இல்லக்கா."

நர்சக்கா விறுவிறுவென்று வாசலுக்குத் திரும்பினார். கறிவேப்பிலையையும் மறந்துவிட்டுப் போனார். ஊசி அந்த இரண்டு பூசணிகளையும் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள்.

விஷயத்தைக் கேட்ட மெக்கானிக் சிரித்தான். "உங்க கடைக்கு எப்பவாவது வந்திருப்பாங்க. நீ தையல் ரூம் கண்ணாடி வழியா பாத்திருப்ப. மூளை அத எடுத்து வெச்சுக்கும்." அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு ஊசி நாட்களை ஓட்டினாள். ஆனால் அதற்குப் பிறகு அவள் பிரஷைத் தொடவில்லை. நேர்கோட்டில் தைக்கிற வேலையை மட்டும் செய்தாள்.

முள்ளங்கி இரண்டிலை விட்டது. பட்டாணி நூலைப் பிடித்து ஏறியது. பூண்டு மற்ற எல்லாவற்றையும் முந்திக்கொண்டு விரல் நீளத்துக்குப் பச்சையாக நின்றது. ஐந்து வாரம் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வாசலில் யாரோ கூப்பிட்டார்கள்.

கதவைத் திறந்த ஊசி பேயறைந்த மாதிரி நின்றுவிட்டாள். நீள முகம். அழுத்தமான உதடு. இரண்டாக வெட்டுப்பட்ட இடது புருவம். ஐம்பது வயதிருக்கும். தோளில் ஒரு துணிப்பை.

வந்தவளும் ஊசியின் கீழுதட்டுக்கு அடியில் இருந்த மச்சத்தையே பார்த்தாள். "நான் இங்க முன்னாடி குடியிருந்தவ" என்றாள். "ஒரு விஷயம் சொல்லணும். பைத்தியம்னு நெனச்சா பரவாயில்ல. கேட்டுட்டு வெளிய போகச் சொல்லுங்க."

மெக்கானிக் நாற்காலி எடுத்துப் போட்டான். அவள் உட்காரவில்லை. பையிலிருந்து மேஜை விரிப்பு ஒன்றை எடுத்து மேஜைமேல் விரித்தாள். அபாரமான வேலைப்பாடு. ஆறு பாத்திகள், கோஸ், கேரட், வேலி, வேலியில் பூசணிக்கொடி. பின்சுவரை ஒட்டி, ஆறாவது பாத்தியில், ஒரு ஆள் குப்புறக் கிடந்தான். இடுப்புக்குக் கீழே மண்ணுக்குள் இருந்தது. பக்கத்தில் ஒரு ஒல்லிப் பெண் தலையில் கைவைத்து நின்றாள். அவள் உதட்டுக்கு அடியில் ஒரே ஒரு கறுப்பு முடிச்சு.

"இந்த ஆள நான் தைக்கல" என்றாள் எம்பிராய்டரிக்காரி. "கோஸ் தைக்கலாம்னுதான் உக்காந்தேன். கைல இருந்த ஊசி என் பேச்ச கேக்கல. அப்ப துணில இந்த ஆள் மட்டும்தான் வந்தான். என் தம்பி வாராவாரம் வந்து இந்தத் தோட்டத்த கொத்திக் குடுப்பான். அவன்தான்னு நெனச்சுட்டேன். நாலே நாள்ல வீட்ட காலி பண்ணிட்டேன். யார்கிட்டயும் சொல்லல. என்னன்னு சொல்றது?"

"இந்தப் பொண்ணு?" என்று ஊசி கேட்டாள்.

"புது வீட்டுக்குப் போனப்புறம் வந்தா. யாருன்னே தெரியல. மூணு வாரத்துக்கு முன்னாடி ஒரு திரைச்சீலை வாங்கலாம்னு கடைக்குப் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீங்க உக்காந்து மெஷின் ஓட்டிக்கிட்டு இருந்தீங்க. எங்க குடியிருக்கீங்கன்னு விசாரிச்சேன். இந்த வீடுன்னாங்க."

மூன்று வாரத்துக்கு முன்னால் என்றால், பூசணியில் முகம் வந்து பதினைந்து நாள் ஆகியிருந்தது. ஊசி புருஷனைப் பார்த்தாள். அவனும் அந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தான் என்பது தெரிந்தது.

"மூணு வாரமா ஏன் வரல?" என்றான் அவன்.

"தைரியம் வரல. வந்து சொல்லி, ஒண்ணும் இல்லன்னா நான் கிறுக்கி. சொல்லாம இருந்து ஏதாவது ஆயிட்டா..."

மெக்கானிக் விரிப்பைக் குனிந்து பார்த்தான். எப்படியாவது சிரித்துவிட வேண்டும் என்று அவனுக்கு இருந்திருக்கும். "இது நான் இல்லங்க. மஞ்ச சட்டை போட்டிருக்கான் பாருங்க. எங்கிட்ட இருக்கிறதெல்லாம் நீலம், இல்லன்னா கிரீஸ் கலர். மஞ்ச சட்டையே கிடையாது."

"இருக்கு" என்றாள் ஊசி.

இரண்டு பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"கடைல என் டிராயர்ல இருக்கு. மதிய இடைவேளைல தச்சுக்கிட்டு இருக்கேன். மாம்பழ மஞ்ச. அடுத்த வெள்ளிக்கிழமை உங்களுக்குத் தரலாம்னு... ஒரு கை மட்டும் பாக்கி. யாருக்கும் தெரியாது."

மெக்கானிக் விரிப்பை விட்டு நிமிர்ந்தான். வேலைக்குக் கொண்டுபோகும் பெட்டியைத் திறந்து இடுப்புக் கயிற்றைக் கட்டிக்கொண்டான். மறுமுனையை வேலியின் இரும்புத் தூணில் கட்டினான். இரண்டு நீளப் பலகைகளைப் பூண்டுப் பாத்தியின் குறுக்கே போட்டு, அதன்மேல் குப்புறப் படுத்தான். நல்ல வெயில். பக்கத்து வீட்டில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. அவன் கையில் ஆளுயர இரும்புக் கம்பி. அதைப் பூண்டு வரிசைக்கு நடுவே ஊன்றி அழுத்தினான்.

ஒரு முழம் இறங்கியது. எதிலோ முட்டியது. கட்டை முட்டுகிற சத்தம். இன்னும் கொஞ்சம் அழுத்தினான். மொத்தென்று எதுவோ விட்டுக்கொடுத்தது. கம்பி அவன் கையிலிருந்து வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. அவர்கள் காத்திருந்தார்கள். கொஞ்ச நேரம் எந்தச் சத்தமும் இல்லை. பிறகு, அடி ஆழத்தில், தண்ணீர்.

"பின்னால போங்க ரெண்டு பேரும்" என்றான் அவன், திரும்பாமலே. பலகைமேல் அங்குலம் அங்குலமாகத் தவழ்ந்து வெளியே வந்தான். அவன் கால் வேலியருகே தரையில் பட்ட அதே நேரத்தில் பூண்டு இலைகள் எல்லாம் ஒன்றாக நடுங்கின. பாத்தி மெதுவாக, மாவு சலிப்பதுபோல, நடுவிலிருந்து உள்ளே இறங்கியது. பூண்டு போனது, துணிக்கொடி போனது, பலகை இரண்டும் போயின. கண்ணெதிரே ஒரு கறுப்பு வட்டம் மட்டும் இருந்தது. அதிலிருந்து குளிர்ந்த காற்று வந்தது.

ஊசி தன் இரண்டு கைகளும் தலைமேல் இருப்பதை அப்போதுதான் கவனித்தாள். சட்டென்று கீழே இறக்கிக்கொண்டாள். எம்பிராய்டரிக்காரியும் அதைப் பார்த்துவிட்டாள்.

வீட்டுக்காரர் ஓட்டமும் நடையுமாக வந்தார். அவர் அப்பா காலத்தில் அங்கே ஒரு கிணறு இருந்ததாம். எப்போதோ பலகை போட்டு மண் தள்ளி மூடியிருக்கிறார்கள். "அடிவரைக்கும் தூர்த்திருப்பாங்கன்னு நெனச்சேம்பா" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். மெக்கானிக் அவரைத் திட்டவில்லை. ஆழம் எவ்வளவு என்று மட்டும் கேட்டான். அவருக்குத் தெரியவில்லை. இவனாகக் கயிறு விட்டு அளந்தான். தண்ணீர் மட்டத்துக்கே முப்பத்தெட்டு அடி.

செவ்வாய்க்கிழமை இடிபாட்டுக் கல் ஏற்றிய லாரி வந்தது. ஊசி அன்று கடைக்கு அரை நாள் மட்டும் போய், டிராயரில் இருந்த மஞ்சள் சட்டையை எடுத்துக்கொண்டு வந்தாள். காகிதத்தில் சுற்றியிருந்ததைப் பிரித்தபோது மெக்கானிக் பார்த்தான். காலரில் சின்னதாக முள்ளங்கி இலை வேலைப்பாடு.

"நல்லாத்தான் இருக்கு" என்றான். "இனிதான் ஒண்ணும் இல்லையே. ஒரு தடவ போட்டுப் பாக்கட்டுமா?"

"தொடாதீங்க."

அவள் கத்திய கத்தலில் லாரிக்காரர் திரும்பிப் பார்த்தார். புருஷனைப் பார்த்து அவள் அப்படிக் கத்தியது கல்யாணமாகி அதுதான் முதல் தடவை. அவன் கையை எடுத்துக்கொண்டான். ஊசி கிணற்றுக் கரைவரை போக முடிந்த தூரம் போய், சட்டையை உள்ளே எறிந்தாள்.

அது சுருண்டு விழும் என்றுதான் நினைத்தாள். ஆனால் போகும் வழியில் காற்று உள்ளே புகுந்து சட்டை உப்பியது. தண்ணீரில் விரிந்து, முதுகு மேலாக, ஒற்றைக் கையை நீட்டிக்கொண்டு மிதந்தது. உச்சி வெயில் நேராக உள்ளே இறங்கி, முப்பத்தெட்டு அடிக்குக் கீழே அந்த மஞ்சளை மட்டும் காட்டியது. மெக்கானிக் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தான். எத்தனையோ லிஃப்ட் குழிகளுக்குள் கூசாமல் பார்த்தவன், இரண்டடி பின்வாங்கி வேலியைப் பிடித்துக்கொண்டான்.

"கொட்டச் சொல்லு" என்றான். "சீக்கிரம் கொட்டச் சொல்லு."

ஏழு லாரிக் கல் பிடித்தது.

அவர்கள் வீட்டை மாற்றவில்லை. இனி எந்த வீட்டில் எது இருக்கும் என்று யாருக்குத் தெரியும் என்பது ஊசியின் கட்சி. அந்தக் குளிர்காலம் முழுக்க மெக்கானிக் தோட்டப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. முள்ளங்கியையும் கேரட்டையும் ஊசியும் நர்சக்காவும்தான் பிடுங்கினார்கள். பீட்ரூட் அமோகமாக விளைந்தது. தெருவில் பாதிப் பேருக்குக் கொடுத்தும் மிஞ்சியது.

எம்பிராய்டரிக்காரி ஒரு மாதம் கழித்து, ஒரு மதிய நேரம், அந்த விரிப்போடு வந்தாள். மஞ்சள் சட்டை ஆளை நூல் நூலாகப் பிரித்து எடுத்திருந்தாள். ஆனால் எத்தனை முறை துவைத்து இஸ்திரி போட்டும் தையல் ஊசி குத்திய துளைகள் மூடவில்லையாம். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால், குப்புறக் கிடக்கிற ஆள் புள்ளி புள்ளியாக ஒளிவிட்டுத் தெரிந்தான்.

"தூக்கிப் போட மனசு வரலம்மா. வெச்சுக்கவும் முடியல."

"குடுங்கக்கா" என்றாள் ஊசி. "ஒட்டுத் தைக்கலாம்."

மூட்டையைக் கொட்டி, பச்சையில் ஒரு துண்டு தேடி எடுத்தார்கள். நல்ல அகலமான பீட்ரூட் இலையாக வெட்டினார்கள். வெட்டும்போது இரண்டு பேரும் கத்தரிக்கோலைப் பிடித்திருந்தார்கள், ஒருத்தி கைமேல் ஒருத்தி கை. துளைகளின்மேல் அதை வைத்து, சுற்றிலும் சின்னச் சின்னத் தையலாகப் போட்டு முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. சிவப்பு நூலில் நரம்பும் ஓட்டினார்கள். முடித்து நூலை அறுத்தபின், விரிப்பைத் தள்ளிப் பிடித்து, அது இலைதானா என்று இருவரும் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.