ரோஸிக்கு ஓர் இலை

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆத்மநாதன் திருச்சி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தபோது அவன் கக்கத்தில் ஒரு வெள்ளை நாய் இருந்தது. கழுத்தில் சிவப்பு ரிப்பன், உடம்பெல்லாம் பவுடர் வாசனை. சொர்ணம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். நாயைவிட அதைத் தூக்கி வந்த விதந்தான் அவள் கண்ணில் உறுத்தியது. பெற்ற பிள்ளைகள் இரண்டையும் அவன் ஒருநாளும் அப்படித் தூக்கியதில்லை.

"எஞ்சினீயர் வீட்டு ரோஸி. அவங்க குடும்பத்தோட மெட்ராசுக்குக் கல்யாணத்துக்குப் போறாங்க. திங்கக்கெழமை வரைக்கும் நம்மகிட்டத்தான்" என்றான்.

"அவரு கேட்டாராங்க?"

"அவரு எங்க கேட்டாரு. நானாத்தான் வலியப் போயிக் கேட்டு வாங்கிட்டு வந்தேன்." அதைப் பெருமையாகவே சொன்னான்.

ஆத்மநாதனுக்குத் திருச்சி மின்சார ஆபீசில் குமாஸ்தா வேலை. கீரனூரிலிருந்து தினம் பஸ்ஸில் போய்வருகிறவன். கல்யாணமாகி ஏழு வருஷத்தில் சொர்ணத்தை அவன் எங்கேயும் அழைத்துப் போனதில்லை. இந்தத் தடவைதான் சனிக்கிழமைக்கு லீவு போட்டிருந்தான். சித்தன்னவாசல் ஓவியம், மத்தியானம் மிலிட்டரி ஓட்டலில் கறிச்சோறு, புதுக்கோட்டையில் ரூம் எடுத்து ஒரு ராத்திரி, சினிமா. பத்து நாளாக அவள் மனசுக்குள் அந்தப் பயணம் ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைகளை நாத்தனார் வீட்டில் விட்டாயிற்று. மாம்பழக் கலர்ச் சேலையை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்து மடிப்பு நேர் செய்திருந்தாள்.

காலையில் பஸ் கண்டக்டர் நாயைப் பார்த்ததும் கையை நீட்டி மறித்தான். "ஆட்டுக்குட்டின்னாக்கூடப் பரவாயில்லங்க. நாய ஏத்துனா சனங்க சண்டைக்கு வருவாங்க."

ஆத்மநாதன் கொஞ்சமும் யோசிக்காமல் வாடகைக்கு நிற்கும் பிளஷர் காரைப் பேசினான். சொர்ணத்துக்கு வாய் வரை ஒரு கேள்வி வந்தது. தலைப்பிரசவத்தின்போது வலியோடு அவளை மாட்டு வண்டியில்தான் ஆஸ்பத்திரிக்கு ஏற்றி அனுப்பினான். நல்ல நாளும் அதுவுமாக எதற்கு என்று கேட்காமல் ஏறி உட்கார்ந்தாள்.

டிரைவர் செபமாலை ஆவூர்ப் பக்கத்துக்காரர். ஜப்பான் சண்டைக் காலத்தில் அஸ்ஸாம் காட்டில் மிலிட்டரி லாரி ஓட்டியவர். இஸ்திரி போட்ட காக்கிச் சட்டை, ஒட்ட வெட்டிய முடி, அதிகம் பேச்சில்லை. சன்னலோர இடம் ரோஸிக்கு. நடுவில் ஆத்மநாதன், மறு ஓரத்தில் சொர்ணம். நாலு மைல் போவதற்குள் நாய்க்குத் தலைசுற்றி நுரைநுரையாக எச்சில் ஒழுகியது. ஆத்மநாதன் தன் கைக்குட்டையால் அதன் வாயை ஒற்றி ஒற்றித் துடைத்து, குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். அன்னவாசல் தாண்டியதும் வெயில் ஏறியது. அதே கைக்குட்டையை எடுத்துத் தன் கழுத்தையும் உதட்டையும் துடைத்துக்கொண்டான். சொர்ணம் முகத்தை வெளியே திருப்பிக்கொண்டாள்.

சித்தன்னவாசலில் பாறைக்கு ஏறும் இடத்தில் காவலாளி நாய்க்கு அனுமதி இல்லை என்றான். செபமாலை முன்னால் வந்து, "குடுங்க சார், நான் பிடிச்சிருக்கேன். நீங்க ரெண்டு பேரும் போயிப் பாத்துட்டு வாங்க" என்றார்.

ஆத்மநாதன் சங்கிலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். "வேணாம், வேணாம். புது ஆள் கை பட்டா கடிச்சிரும்."

ரோஸி அந்நேரம் செபமாலையின் முழங்காலில் முன்னங்கால்களை வைத்து அவர் விரலை நக்கிக்கொண்டிருந்தது. செபமாலை கையை மெல்ல இழுத்துக்கொண்டு காருக்குப் போய்விட்டார். எதற்காக அப்படிச் சொன்னான் என்பது சொர்ணத்துக்கும் தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது. ஆத்மநாதன் சங்கிலியை அவள் கையில் திணித்தான். "நான் சட்டுனு பாத்துட்டு வந்துர்றேன். அப்பறம் நீ போ."

போனவன் வெகுநேரம் வரவில்லை. சொர்ணம் நாயோடு வேம்படியில் நின்றாள். நாய் ஒரு இழுப்பில் சங்கிலியை உருவிக்கொண்டு புதருக்குள் ஓடி, அங்கே செத்து ஊதிக்கிடந்த ஏதோ ஒன்றின்மேல் முதுகைத் தேய்த்துப் புரண்டது. அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு அதைப் பிடித்து இழுத்தாள். சேலை முந்தானையிலும் அந்த நாற்றம் ஏறிக்கொண்டது. ஆனாலும் நாயின்மேல் கோபம் வரவில்லை. வாயில்லாச் சீவன், இவ்வளவு நேரம் பவுடருக்குள் மூச்சு முட்டிக் கிடந்தது.

இறங்கி வந்த ஆத்மநாதன் அலறாத குறைதான். "ஒரு நாயப் பிடிச்சுக்கிட்டு நிக்கத் துப்பில்லையா ஒனக்கு?" காரிலிருந்த தகர டின் தண்ணீரை வாங்கி, மாற்றுத் துண்டைக் கொடுத்து, அவளையே துடைக்கச் சொன்னான். அவள் குனிந்து துடைத்தாள்.

"நான் போயிப் பாத்துட்டு வரவா?" என்று கேட்டாள்.

"அங்கன ஒண்ணும் பெரிசா இல்ல. சுண்ணாம்பெல்லாம் உதிர்ந்து கெடக்கு. தாமரைக் கொளம் ஒண்ணு, பொம்பள ரெண்டு பேரு ஆடுற மாதிரி. நேரமாச்சு, ரோஸிக்குப் பசிக்கும்."

புதுக்கோட்டைக்கு முன்னால், முச்சந்தி ஒன்றில் கீற்றுக் கொட்டகை போட்ட மிலிட்டரி ஓட்டல் இருந்தது. கறி வறுக்கிற வாசனை ரோடு வரைக்கும் வந்தது. கல்லாவில் இருந்த முதலாளி நாயைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"நாய உள்ள விட முடியாதுங்களே."

"தெரு நாயில்லங்க இது. திருச்சி எஞ்சினீயர் வீட்டு நாய். இந்த ரோட்டுக்குக் கரண்டு லைன் வரணும்னா அவரு கையெழுத்துத்தான்."

முதலாளி எழுந்தே விட்டார். "அப்பிடிங்களா, வாங்க வாங்க. இங்கிட்டு உள் ரூம்புல காத்து நல்லா வரும். நாகராசு, மூணு எலை போடப்பா."

மூன்றாவது இலை ரோஸிக்கு. பெஞ்சின் கோடியில் இலையை விரித்து, சோற்றில் நெய் விட்டுப் பிசைந்து, கறியிலிருந்து எலும்பை நீக்கி முதலாளி தன் கையாலேயே எடுத்து வைத்தார். டபராவில் பால் வந்தது. பக்கத்துப் பெஞ்சில் சாப்பிட்ட இரண்டு பேர் சிரித்துக்கொண்டே பார்த்தார்கள். ஒருவர்கூட எழுந்து போகவில்லை.

முந்தானை நாற்றத்தோடு இலையில் உட்கார மனசில்லாமல் சொர்ணம் பின்கட்டுக்குப் போனாள். அங்கே பாத்திரம் கழுவுகிற தொட்டி, பக்கத்தில் சாக்கடை, எச்சில் இலைக் குவியல், அதன்மேல் ஈயும் காக்கையும். குவியலுக்கு ஒரு கஜம் தள்ளி செபமாலை குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். தரையில் கிழிந்த இலை. நாகராசு நின்றவாக்கில் வாளியிலிருந்து குழம்பை வீசினான். குழம்பு இலையை மீறி மண்ணில் ஓடியது. செபமாலை சாப்பிட்டு முடித்துத் தண்ணீர் கேட்டார். குனிந்து, இரண்டு கைகளையும் சேர்த்து வாயருகே ஏந்தினார். நாகராசு செம்பைத் தலைக்கு மேலே தூக்கி ஊற்றினான். தண்ணீர் முழங்கையில் வழிந்து அந்த இஸ்திரிச் சட்டையை நனைத்தது.

அவர் அவளைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சொர்ணத்துக்கு அந்தக் குனிவு புதிதில்லை. அப்பா வீட்டுக் கொல்லையில் அறுப்பு ஆட்களுக்கு அவளே அப்படித் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள். அப்போது ஊற்றிய கைக்கு ஒன்றும் தோன்றவில்லை. இன்றைக்கு அந்தக் கையைச் சேலையில் துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள்.

உள்ளே வந்தபோது ரோஸி டபராவுக்குள் மூக்கை விட்டுச் சளப் சளப்பென்று நக்கிக்கொண்டிருந்தது. ஆத்மநாதன் கறித்துண்டை ஊதி ஆற்றி அதற்கு ஊட்டி, அதே விரலைச் சப்பிவிட்டுத் தன் இலையில் சோற்றைப் பிசைந்தான்.

"டிரைவருக்குப் பின்னால சாக்கடைகிட்ட சோறு போடுறாங்க. தண்ணிய கையில ஊத்துறாங்க" என்றாள்.

"அது இங்க உள்ள வழக்கம். அந்த ஆளு ஆருன்னு அவுகளுக்குத் தெரியும். நமக்கென்ன, நீ சாப்பிடு."

"நாய்க்கு டபராவுல பாலு."

"மெள்ளப் பேசு. தெனம் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டுற நாயி அது."

"செபமாலையுந்தான் தெனம் குளிக்கிறாரு."

அவன் காதில் போட்டுக்கொள்ளாமல் எலும்பை உறிஞ்சினான். எண்ணெய் உதட்டோரம் வழிந்தது. கறியில் மிதந்த கொழுப்பும், செத்ததன் நாற்றமும், பவுடரும் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து சொர்ணத்தின் தொண்டைக்கு வந்தது. தன் இலைக்கு வைத்த எவர்சில்வர் டம்ளரைத் தண்ணீரோடு எடுத்துக்கொண்டு அவள் மறுபடியும் பின்கட்டுக்குப் போனாள்.

"இந்தாங்க டிரைவரே, இதுல குடிங்க."

செபமாலை நாகராசைப் பார்த்தார். "குடிச்சிட்டேங்கம்மா."

"கையில குடிச்சீங்க. இதுல குடிங்க."

அவர் குரலைத் தணித்தார். "நீங்க இன்னைக்கிப் போயிருவீங்கம்மா. நான் நாளைக்கும் இந்த வழியாத்தான் வரணும்."

அவர் சொன்னது அவள் காதில் விழுந்தது. அர்த்தம் உள்ளே இறங்குவதற்குள் வீம்பு முந்திக்கொண்டது. நீட்டிய கையை மடக்காமல் நின்றாள். நாகராசு பார்க்க ஒரு பொம்பளை நீட்டியதை வாங்காமல் இருப்பதும் அவருக்குச் சங்கடமாயிருந்திருக்க வேண்டும். வாங்கினார். அண்ணாந்து, உதடு படாமல் ஒரே மூச்சில் ஊற்றிக்கொண்டார். டம்ளரைத் தன் துண்டால் துடைத்துக் கழுவுகிற கல்லின்மேல் வைத்தார்.

முதலாளி வாசற்படியில் வந்து நின்றார். சத்தம் போடவில்லை. "அந்த டம்ளர நீங்களே எடுத்துட்டுப் போயிருங்கம்மா. இனி அது எங்களுக்கு ஆகாது. வெலைய சார்கிட்ட வாங்கிக்கிறேன்."

அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நாகராசு உள்ளே போய் ரோஸியின் டபராவை எடுத்துவந்தான். தொட்டித் தண்ணீரில் ஒரு முக்கு முக்கினான். மற்ற டபராக்களின்மேல் கவிழ்த்து அடுக்கிவிட்டுப் போனான்.

சொர்ணம் சாக்கடை ஓரமாகக் குனிந்தாள். காலையிலிருந்து வயிற்றில் ஒன்றுமில்லை. கசப்புத் தண்ணீர்தான் வந்தது.

காரில் ஆத்மநாதன் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினான். "என் மானத்த வாங்கிட்டே. எஞ்சினீயர் பேரச் சொல்லி உள்ள போயிருக்கோம், அவரு காதுக்குப் போனா என்ன ஆகும்?" முன்னால் இருந்த செபமாலை கேட்காதவர்போல ஓட்டிக்கொண்டிருந்தார். சட்டைக் கையின் ஈரம் இன்னும் காயவில்லை. புதுக்கோட்டை எல்லை வந்ததும் ஆத்மநாதனின் குரல் இளகியது. "சரி, விடு. சாயங்காலம் படம் பாத்தா எல்லாஞ் சரியாப் போயிரும்" என்று அவள் தோளைத் தொட்டான். கறி வாடை அடித்த கை. தோளை இழுத்துக்கொண்டாள்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜில் மேனேஜர் முதலில் முடியாது என்றார், எஞ்சினீயர் பேரைக் கேட்டதும் மாடியில் நல்ல ரூமாகக் கொடுத்தார். ஆத்மநாதன் நாயைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறினான். "பைய எடுத்துட்டு வா."

சொர்ணம் பையில் இருந்த தன் சேலையை மட்டும் எடுத்துக்கொண்டாள். பையை மேனேஜர் மேசைக்குப் பக்கத்தில் வைத்தாள். "அவுக கேட்டா, கீரனூர் போயிட்டேன்னு சொல்லுங்க."

அதுவரை அவள் தனியாகப் பஸ் ஏறியதில்லை. கண்டக்டரிடம் இரண்டு தடவை கேட்டு உறுதிசெய்துகொண்டு ஏறினாள். பக்கத்தில் கருவாட்டுக் கூடையோடு கடலோரக் கட்டுமாவடிக்காரி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். "நாத்தம் ஒங்களுக்கு ஒத்துக்காதேம்மா, அங்கிட்டு எடமிருக்கு" என்றாள். "இருக்கட்டும்" என்று சொர்ணம் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து மூன்று குடம் தண்ணீர் ஊற்றிக் குளித்தாள். சாப்பிட முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இருட்டியபிறகு ஆத்மநாதன் வந்தான். கொழுப்புக் கறி ஒத்துக்கொள்ளாமல் ரோஸி லாட்ஜ் மெத்தை முழுதும் கழிந்து வைத்திருக்கிறது. விடிய விடியக் கழுவியிருக்கிறான். கடுகடுத்த முகத்தோடு, "ஏன் போனே?" என்று கேட்டான். அவள் சோறு போட்டாள். அவன் சாப்பிடுகிற சத்தத்தைக் கேட்க முடியாமல் வாசலுக்குப் போய் நின்றாள். திங்கட்கிழமை எஞ்சினீயர் நாயை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, ஆபீசே கேட்கும்படி, "நாய் வளர்க்கத் தெரியாதவனெல்லாம் ஏன்யா வாங்கிட்டுப் போறே" என்றாராம். அதையும் அவனே வந்து சொல்லி வருத்தப்பட்டான். அவளுக்கு அவன்மேல் பரிதாபம் வரவில்லை. வராதது அவளுக்கே பயமாக இருந்தது.

ஒரு மாசம் கழித்துச் சந்தைக்குப் போனபோது கார் நிற்கும் இடத்தில் செபமாலையைப் பார்த்தாள். அவர் பார்க்காதமாதிரி கண்ணாடியைத் துடைத்தார். இவள்தான் கிட்டப் போனாள்.

"அந்த வழியாப் போறீங்களா டிரைவரே?"

"போகாம? அந்தக் கடையில மட்டும் இப்பப் பின்பக்கமும் எனக்குச் சோறு கெடையாதும்மா. ரோட்டுல உள்ள மத்த ரெண்டு கடைக்கும் சொல்லி வச்சிட்டாரு."

"அப்ப சாப்பாட்டுக்கு?"

"வீட்டுலேருந்து கட்டியாந்துர்றேன்" என்றவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "அந்தக் குழம்புல உப்பு எப்பவுமே சாஸ்திங்க" என்று சிரித்தார்.

சொர்ணத்தால் சிரிக்க முடியவில்லை. சவாரிக்குக் கிராக்கி ஒன்று வந்தது. செபமாலை கார்க் கதவைத் திறந்துவிட்டு உள்ளே ஏறினார். அவள் கத்தரிக்காய்க் கடைப் பக்கமாக நடந்தாள். வாயில் கசப்பு ஊறியது. ஓரமாகப் போய்த் துப்பினாள். கசப்பு போகவில்லை.