நகராத சைக்கிள்

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது கிரைண்டரில் மாவு ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றும் காதில் விழவில்லை. கிரைண்டரை நிறுத்திவிட்டு, "மறுபடி சொல்லுங்க டாக்டர்" என்றேன். கேட்காமலே இருந்திருக்கலாம்.

"ஆண்டாளம்மா, உங்க வீட்டுக்காரருக்கு ரெண்டாவது தடவை எடுத்த ரத்தம் சரியா இல்ல. நாளைக்குக் காலையில வெறும் வயித்தோட கூட்டிட்டு வாங்க. அதுவரைக்கும் சைக்கிள் வேண்டாம், நடையும் பேடா. சும்னே படுத்திருக்கட்டும்."

டாக்டர் சைத்ராவுக்கு என் மகள் வயசுதான் இருக்கும். தாத்தா காலத்தில் ரயில்வே வேலைக்காக மைசூருக்கு வந்த குடும்பமாம். பேசுவது பாதித் தமிழ், பாதிக் கன்னடம். எப்போதும் சிரித்துச் சிரித்துப் பேசுகிற பெண் அன்றைக்குச் சிரிக்கவில்லை.

என் வீட்டுக்காரர் கந்தசாமி இதே மைசூரில், ஹெப்பாளில் கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். தை மாதத்தில் ஒரு நாள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே நெஞ்சு வலி வந்து, பஸ்ஸை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுத்தான் சாய்ந்தார். அடைப்பில் ஸ்டென்ட் வைத்துப் பிழைக்க வைத்தார்கள். பிழைத்து வந்த மனுஷன் வீட்டில் நடக்கக்கூடப் பயந்தார். அவருடைய அப்பா, அண்ணன் இரண்டு பேருமே தலை நரைப்பதற்கு முன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனவர்கள். "எங்க வம்சத்து ரத்தமே அப்படிங்க, என்ன பண்றது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தச் சமயத்தில்தான் சைத்ரா இந்த ஆராய்ச்சியில் சேரச் சொன்னாள். நெஞ்சு வலி வந்தவர்கள் மூன்று மாதம் ஆஸ்பத்திரிக்கு வந்து, நின்ற இடத்திலேயே ஓடுகிற சைக்கிளை மிதிக்க வேண்டும். மிதிப்பதற்கு முன்னால் ஒரு தடவையும் முடிந்த பிறகு ஒரு தடவையும் ரத்தம் எடுத்து, உடம்புக்குள் இருக்கிற ஜீன்களில் எது அடங்கியிருக்கிறது, எது எழுந்திருக்கிறது என்று பார்ப்பார்களாம்.

"அப்பன் குடுத்த ஜீனை சைக்கிள் மாத்திருமாங்க?" என்று இவர் கேட்டார்.

"ஜீனை மாத்தாது, சார். ஆனா எல்லா ஜீனும் எப்பவும் வேலை செய்யறதில்ல. வீட்டு அடுக்களையில எத்தனையோ டப்பா இருக்கு. அம்மா இன்னைக்கு எதைத் திறக்கறாங்களோ அதுதானே குழம்புல விழும்? உடம்பை அசைச்சா சில டப்பா திறக்கும், சிலது மூடிக்கும். உள்ளே வீக்கத்தை உண்டாக்கற ஜீன் அடங்கினா ரத்தக் குழாய்க்கு நல்லது. அதைத்தான் பாக்கறோம்."

"அப்ப இவருக்கு அந்த மொளகாய்ப்பொடி டப்பாவை நல்லா இறுக்கி மூடுங்க டாக்டர்" என்றேன். மூன்று பேரும் சிரித்தோம். அவரும் மிதித்தார். முதல் வாரம் அழாத குறையாக மிதித்தார், அப்புறம் விசிலடித்துக்கொண்டு மிதித்தார்.

இப்போது போனில், அந்த வீக்க ஜீன்கள்தான் முன்னைவிட எகிறி நிற்கின்றன என்று சைத்ரா சொன்னாள். மிதித்தவர்களில் மற்ற எல்லாருக்கும் அடங்கியிருக்கிறதாம். இவர் ஒருத்தருக்கு மட்டும்தான் இப்படியாம். உள்ளே புதிதாக ஏதாவது அடைப்பு கிளம்பியிருக்குமோ என்று சந்தேகம். பாழாய்ப்போன மூன்று மாதம்!

விஷயத்தைச் சொன்னதும் இவர் போய்க் கட்டிலில் படுத்துக்கொண்டார்.

"நான் அன்னைக்கே சொன்னேன், புள்ள. வம்ச ரத்தம் நம்ம பேச்சைக் கேக்குமா?"

"வாயைக் கழுவுங்க. விளக்கு வெக்கிற நேரத்துல பேசற பேச்சா இது?"

அதட்டிவிட்டேனே தவிர, அடுக்களைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். நான்தானே சேர்த்துவிட்டேன்! சும்மா இருந்த மனுஷனைச் சைக்கிளில் ஏற்றி நானே கொல்லப் பார்க்கிறேனா? திரும்பி வந்து, அவர் மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். "என்னத்த அப்படிப் பாக்கறே?" என்றார். "மூஞ்சியில மாவு ஒட்டியிருக்குது" என்று புளுகினேன்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தார்கள், எக்கோ எடுத்தார்கள். இரண்டும் நன்றாகத்தான் இருந்தன. அது சைத்ராவை இன்னும் குழப்பியது. எங்களை எதிரில் உட்கார வைத்துக் கேள்விமேல் கேள்வி கேட்டாள்.

"ரத்தம் குடுக்கறதுக்கு முந்தி காய்ச்சல், சளி ஏதாவது?"

"இல்லீங்."

"பல் வலி? அடி, காயம்?"

"இல்லீங்."

"ரெண்டு நாள் முன்னாடியிருந்தே எக்சர்சைஸ் கூடாதுன்னு சொல்லியிருந்தேன் அல்லவா?"

"ஒண்ணும் செய்யலீங்க டாக்டர்" என்று நான் குறுக்கே விழுந்தேன். "சைக்கிள் பக்கமே விடல. கேஸ் சிலிண்டரைக்கூட நகத்த விடல, நானேதான் உருட்டுனேன். அந்த மாதேசுரன் மேல சத்தியம்."

அவரும் தலையாட்டினார். நாங்கள் சொன்னதில் ஒரு சொல் பொய்யில்லை. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

பெரிய டாக்டர் வந்தார். ரிப்போர்ட்டைப் புரட்டினார். ஆஞ்சியோகிராம் பார்த்துவிடலாம், அறை இன்றைக்கே காலியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கையெழுத்துப் போடும்போது இவர் கை நடுங்கியது. "நம்ம பையனுக்கும் இதே ரத்தந்தானே ஓடுது" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். பேனாவை அவர் கையிலிருந்து வாங்கி மூடி வைத்தேன்.

பச்சை அங்கி ஒன்றைக் கொண்டுவந்து கட்டில்மேல் போட்டுவிட்டு அவரை மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். சைத்ரா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். நல்லது கெட்டதுக்குச் சாமியை விட்டால் யார் இருக்கிறார்கள்? பையைத் துழாவி லாடுப் பொட்டலத்தை எடுத்து அவள் கையில் வைத்தேன்.

"மாதேசுரன் மலைப் பிரசாதங்க. வாயில போட்டுட்டு, அப்புறம் அவருக்குச் செய்யறதைச் செய்யுங்க."

"மாதப்பன் பெட்டக்கா? அந்த மலைக்கு எப்ப போனீங்க?"

"போன அமாவாசைக்குங்க."

அவள் நெற்றி சுருங்கியது. "அமாவாசைக்கு மறுநாள்தானே ரத்தம் எடுத்தோம்?"

"ஆமாங். மலையை விட்டு எறங்குனதும் பஸ் ஏறி, வெடிய நேரா இங்கதானுங்க வந்தோம். நீங்க சொன்ன மாதிரி பச்சைத் தண்ணி பல்லுல படல."

"போனது பஸ்லதானே?"

"பஸ்லயா?" எனக்குக் கோபமே வந்துவிட்டது. "வேண்டுதலுங்க! இவரை ஆம்புலன்ஸ்ல ஏத்துனப்ப, இந்த மனுஷனை நடமாட விட்டீன்னா ரெண்டு பேரும் நடந்தே வர்றோம்னு நெனச்சுக்கிட்டேன். அடிவாரத்துல, தாளபெட்டாவுல செருப்பைக் கழட்டுனது. காட்டு வழியில மலை ஏறி, கோயில்ல போய்த்தான் நின்னோம். எங்க ஹனூர்ப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க."

சைத்ரா வாயைத் திறந்தபடி நின்றாள். "எக்சர்சைஸ் செய்யலன்னு சத்தியம் பண்ணீங்களே!"

"அது எக்சர்சைஸ் இல்லீங்களே. சாமிக்கு நடந்தது."

இவரும் அங்கியைப் பிடித்தபடி, "ஆமாங்க டாக்டர், அது சாமி காரியம்" என்றார்.

அவள் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தாள், பாருங்கள், கண்ணில் தண்ணீர் வருகிற மட்டும் சிரித்தாள். அப்புறம் நிதானமாகச் சொன்னாள். பழக்கமில்லாத அத்தனை பெரிய ஏற்றம் ஏறினால் தசையெல்லாம் நொந்து, வீக்க ஜீன்கள் கொஞ்ச நாளைக்கு எகிறத்தான் செய்யுமாம். தினமும் அளவாக மிதித்தால் அதே ஜீன்கள் மெல்ல அடங்குமாம். நாங்கள் கொடுத்தது மலையேறிய களைப்பின் ரத்தம். அதைப் பார்த்துத்தான் இவர்கள் புது நோய் என்று பயந்திருக்கிறார்கள். நன்றாக ஓய்வெடுத்த பிறகு மறுபடி எடுத்துப் பார்க்கலாம், பெரிய டாக்டரிடம் பேசி ஆஞ்சியோவையும் நிறுத்தச் சொல்கிறேன் என்றாள்.

எனக்கு உயிர் திரும்பி வந்தது. இவர் கட்டிலில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார்.

"தை மாசம் வார்டு வராந்தாவுல நடக்கவே சுவரைப் பிடிச்ச மனுஷன், சார், நீங்க" என்றாள் சைத்ரா. "மலையில நெஞ்சு வலிச்சுதா? மூச்சு வாங்குச்சா?"

"துளிகூட இல்லீங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். பெருமை தாங்கவில்லை. "நான் தனியாப் போயிருந்தா வெரசாப் போயிருப்பேன். இவதானுங்க வளைவுக்கு வளைவு உக்காந்துட்டா. மூச்சு வாங்குது, மூச்சு வாங்குதுன்னு எடது கையை நீவிக்கிட்டே வந்தா."

"ஏனுங்க, மானத்தை வாங்காதீங்க" என்றேன். "பை தூக்குனதுல கை கடுத்துது, டாக்டர்."

"பை என் தோள்லதானே இருந்துச்சு?" என்றார் அவர்.

சைத்ராவின் சிரிப்பு நின்றுவிட்டது. லாடுவை மேசைமேல் வைத்துவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"எவ்வளவு நாளா அம்மா?"

என்ன சொல்வது? மாடிப்படி ஏறினால் தாடை வரைக்கும் இறுக்கிப் பிடிக்கும், நின்றால் விட்டுவிடும். இவரைப் பற்றிய கவலைதான் நெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்தேன். அன்றைக்குச் சிலிண்டரை உருட்டியபோதும் வந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது என்று சொன்னபோதுதான், இருக்கிறது என்பதே எனக்குத் தெரிந்தது.

"எனக்கென்ன, எங்க வம்சத்துல ஒருத்தருக்கும் நெஞ்சு வலி கெடையாதுங்க" என்றேன்.

அவள் இவரை எழுப்பிவிட்டு அதே கட்டிலில் என்னைப் படுக்கச் சொன்னாள். மார்பில் குளிரக் குளிர எதையோ ஒட்டினார்கள். மிஷின் தாளைத் துப்பியது. சைத்ரா அதை வெளிச்சத்தில் பிடித்து ஒரு தடவை பார்த்தாள், கீழிருந்து இன்னொரு தடவை பார்த்தாள். போனை எடுத்துக் கன்னடத்தில் சொன்னாள். எல்லாமே புரிந்தது. ஆஞ்சியோ அறையை ரத்து செய்ய வேண்டாம், பேஷண்ட் மட்டும் மாறுகிறார்.

தள்ளுவண்டி வந்தது. இவர் என் காலிலிருந்து மெட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தார், கை நடுங்கவில்லை. வண்டி தள்ளுகிறவர் புதுப் பேஷண்டின் பெயர் என்ன என்று என்னைக் கேட்டார். ஊரையே வாயால் அளக்கிறவள் நான், எனக்கு நாக்கு எழவில்லை.

"ஆண்டாளுங்க" என்றார் இவர். "நானும் கூட வர்றேன்."