ஒரு பை பாக்கி

பன்னிரண்டாவது நாளும் அந்தப் பையை எடைபோட்டேன். ஏழு கிலோ நானூறு கிராம். எடுக்க ஆள் வராத பையைத் தினமும் எடைபோட்டு எழுதவேண்டும் என்பது எங்கள் கவுண்டரின் சட்டம். உள்ளே இருக்கும் சாமான் குறைந்துவிடக் கூடாதாம். அது குறையவில்லை. எனக்குத்தான் மூன்று கிலோ குறைந்திருந்தது.

இந்தத் தீவில் முன்பு உப்பும் முள்ளும் தவிர ஒன்றும் கிடையாது. சுற்றுலாவை வளர்க்கிறோம் என்று வரியில்லாக் கடைகளைத் திறந்தபிறகு வெள்ளிக்கிழமைகளில் ஆள் பிதுங்குகிறது. அத்தர், சாக்லேட், கைக்கடிகாரம் எல்லாம் இங்கே மலிவு. ஆனால் வாங்கியதைக் கடையில் கையில் தரமாட்டார்கள். பையில் போட்டு முத்திரை வைத்துப் படகுத்துறைக்கு அனுப்பிவிடுவார்கள். கரைக்குத் திரும்பும் படகின் சீட்டைக் காட்டினால் நான் எடுத்துக் கொடுப்பேன். வரி கட்டாத சாமான் தீவில் தங்கிவிடக் கூடாது, அவ்வளவுதான் விஷயம். ஆள் தங்கிவிட்டால் என்ன செய்வது என்று யாரும் சட்டம் போடவில்லை.

பையின் மேல் உமாபதி என்று பெயர், கரையில் முசாஃபாவில் ஒரு தொழிலாளர் கேம்ப் விலாசம். ரசீதைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, இவன் சுற்றிப்பார்க்க வந்தவன் இல்லை, ஊருக்குப் போகிறவன். போர்வை ஒன்று, பால் பவுடர், தைலம் ஆறு பாட்டில், இரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு கவுன். காலைப் படகில் அவன் வந்தது பதிவாகியிருக்கிறது, திரும்பியது பதிவாகவில்லை. கேம்புக்கும் அவன் போய்ச் சேரவில்லை. கடைக் கேமராவில் பணம் கட்டுகிறான், ரசீதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைக்கிறான், கதவைத் தள்ளுகிறான். வெளிக் கேமராவில் கதவு திறந்து மூடுகிறது, ஆள் வரவில்லை. போலீஸ் இரண்டு நாள் நாயோடு தேடியது. மூன்று கிலோமீட்டர் தீவில் ஒளிந்துகொள்ள ஒரு மரம்கூட உருப்படியாகக் கிடையாது. கடைசியில், ஆள் வந்ததாகக் காட்டியது மெஷினின் தப்பு என்று எழுதி முடித்துவிட்டார்கள். ஆள் வரவில்லை என்று எழுதிவிடலாம். பை இல்லை என்று எழுத முடியுமா?

எல்லாம் என் தலையில் விழுந்தது. பையைக் கையெழுத்துப் போட்டு வாங்கியவன் நான். பை பாக்கி இருக்கும்வரை லீவு கிடையாது என்று மானேஜர் சொல்லிவிட்டார். என் மகள் அஃப்னா பிறந்து பதினான்கு மாதம். அவளை நான் தொட்டதே இல்லை. விமான டிக்கெட்டை இரண்டு முறை மாற்றியாகிவிட்டது. இன்று இரவு ஒன்பது மணிக்குத் திருச்சி விமானம். அதற்கு நான்கு மணிக் கடைசிப் படகில் கரைக்குப் போயாக வேண்டும். இந்த லீவும் போனால் அடுத்தது ரமலானுக்கு அப்புறம்தான்.

இதற்கு நடுவில் டோக்கன் மெஷின் வேறு. தினமும் கடைசி ஆள் பையை வாங்கிப் போனபிறகும் அது இன்னொரு நம்பரை அழைக்கும். எதிரே நாற்காலிகள் எல்லாம் காலியாக இருக்கும். ஆனாலும் யாரோ எழுந்து வந்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, ஒன்றும் கேட்காமல் காத்திருப்பது எனக்குத் தெரியும். பயந்தேன், இல்லை என்று சொல்லவில்லை. அதைவிட அதிகம் கூச்சமாக இருந்தது. ஒரு மனிதனின் முகத்துக்கு நேரே எப்படி ஷட்டரை இறக்குவது? பன்னிரண்டு நாளும் இறக்கினேன்.

பக்கத்துக் கவுண்டர் சுசீலாதான் வழி சொன்னாள். “ராஜிக் பாய், குடுத்தாச்சுன்னு போட்டுட்டுக் கெளம்புங்க. பையக் கரைக்குக் கொண்டுபோய் அந்த கேம்ப்ல குடுத்துருங்க. கலாஸ், வேல முடிஞ்சுது.”

“சீட்டு நம்பர் கேக்குமே.”

“அவரு நம்பர் சிஸ்டத்துலதான இருக்கு?”

இருந்தது. பயன்படுத்தாத திரும்பும் சீட்டு. மூன்றே முக்காலுக்கு அந்த நம்பரை அடித்து, ஒப்படைக்கப்பட்டது என்ற கட்டத்தைத் தொட்டேன். பொய் சொல்லமாட்டேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. பையைக் கவுண்டர் மேல் வைத்துவிட்டு என் அட்டைப்பெட்டியை எடுக்க உள்ளே போனேன். கயிற்றை இறுக்க ஒரு நிமிடம் ஆகியிருக்கும். திரும்பி வந்தால் பை இல்லை. சுசீலாவும் எடுக்கவில்லை என்றாள். நின்று தேட நேரமில்லை, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

படகின் ஏறுபலகை அருகே வேலுச்சாமி ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தார். சிவகங்கைக்காரர், தீவு திறந்த நாள் முதல் அதே படகில் வேலை.

“என்ன பாய், இப்ப வர்றீங்க? ஆளு ஃபுல்லாயிருச்சே.”

“பை கணக்கு முடிஞ்சா எனக்கு ஒரு சீட் வச்சிருக்குன்னு மானேஜர் சொன்னாரே.”

“வச்சிருந்துச்சு. பாக்கி ஆளு இப்பத்தான் பையோட வந்து ஏறுனாரு. அவரு சீட்டு ஓகேன்னு காட்டுது, நான் என்ன பண்ண?” இதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். “ஒருத்தர் கூடுதலா இருந்தாலும் கடல் போலீஸ் விடமாட்டான். காலைல பத்து மணிக்கு வாங்க.”

“எம் புள்ளையப் பாக்கணும், வேலுச்சாமி.”

அவர் கயிற்றை அவிழ்த்தபடியே, “அவருக்கும் புள்ள இருக்குல்ல பாய்,” என்றார்.

படகு விலகியது. கடைசி ஜன்னலில் ஒருவன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். மடியில் பை. அதை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தான். அவன் திரும்பிவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். எனக்கு அழுகை வந்தது, அவன்மேல் கோபம் வரவில்லை.

போன் அடித்தது. வீடியோவில் என் மனைவி நஜீஹா. வெயில் கண்ணில் குத்தியதால் கடலுக்கு முதுகு காட்டி நின்று எடுத்தேன்.

“படகு ஏறிட்டீயளா மச்சான்?”

அஃப்னாவைக் காட்டச் சொன்னேன். அவள் பிள்ளையைத் தூக்கித் திரைக்கு நேரே பிடித்தாள். “வாப்பா வாராக பாரு. டாட்டா சொல்லு.” பிறகு கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். “போனை உங்க பக்கம் திருப்புங்க மச்சான். கடலு மட்டுந்தான் தெரியுது.”

என் முகத்துக்கு நேரேதான் பிடித்திருந்தேன். திரையின் மூலையில், நான் தெரியவேண்டிய சின்னக் கட்டத்தில், வெயிலில் ஒரு படகு போய்க்கொண்டிருந்தது. அஃப்னா அதைப் பார்த்துக் கையை ஆட்டினாள்.