மொட்டை மாடியில் நான்கு விரல் தண்ணீர்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. செங்கல்பட்டிலிருந்து கிளம்பிய மின்சார ரயிலில், எதிர் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும் புதுவீடு வாங்குவதைப் பற்றி மல்லுக்கட்டிக்கொண்டு வந்தார்கள். வெட்கமில்லாமல் ஒட்டுக்கேட்டேன். சிங்கபெருமாள் கோயிலில் பாதிக் கதையோடு இறங்கிப் போய்விட்டார்கள். மீதியை நான் கட்ட வேண்டியதாயிற்று. எங்காவது பூச்சு உதிர்ந்தால் பழி என் மேல்தான்.

2

தொடக்கம், முதல் முயற்சி: "கடற்காற்று தாலாட்டும் அந்தக் கனவு இல்லத்தின் வாசலில் நின்ற ஜாக்குலினின் கண்கள்..."

வேண்டாம். மனை விற்பவர்கள் பேருந்து நிலையத்தில் கொடுக்கும் நோட்டீஸ் மாதிரி இருக்கிறது.

இரண்டாம் முயற்சி: ஜாக்குலின் குளியலறையில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினாள். தண்ணீர் சாக்கடை ஓட்டையைத் திரும்பியும் பார்க்காமல் கதவுப் பக்கம் நடந்தது.

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்வோம்.

ஜாக்குலின் அரசு மருத்துவமனையில் நர்ஸ். "நல்லாத்தான் கீறேன்" என்று சொல்லும் ஆளுக்கும் ஒருமுறை ஜுரம் பார்த்துவிடுகிறவள். கணவன் ஜெபசிங் கார் உதிரிபாகக் கம்பெனியில் சூப்பர்வைசர். வீடு பூஞ்சேரிக்குப் பக்கத்தில், பெயிண்ட் வாசம் போகாத புதுசு. இரண்டு பேர் வீட்டிலும் முன்னோர்கள் அடுத்தவர் வயலில் வேலை செய்து, அடுத்தவர் இடத்தில் குடிசை போட்டு வாழ்ந்தவர்கள். பத்திரத்தில் பெயர் ஏறப்போகும் முதல் ஆட்கள் இவர்கள்தான். கையிருப்பு எல்லாம் இதற்கே போகிறது; மேலே இருபது வருட பேங்க் கடன். தப்பான வீடாக அமைந்துவிட்டால் இன்னொரு வீடு இந்த ஜென்மத்தில் கிடையாது.

3

வீட்டைக் கட்டி விற்கும் செல்வராஜை முதலில் வில்லனாக்கித்தான் எழுதினேன். கழுத்தில் தடிச் சங்கிலி, கையில் இரண்டு போன், பொய்ச் சிரிப்பு. படித்துப் பார்த்தால் எனக்கே கொட்டாவி வந்தது. அடித்துவிட்டேன். இப்போது இருக்கும் செல்வராஜ் நல்ல மனிதர். தான் கட்டிய வீட்டின் மேல் மெய்யாகவே ஆசை வைத்திருக்கிறார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு.

அந்தப் பொன்குஞ்சைத்தான் ஜாக்குலின் ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டிக்கொண்டு போனாள். டைல்ஸுக்கு அடியில் சிமெண்ட் நிறைந்திருந்தால் சத்தம் கெட்டியாக வரும். உள்ளே வெற்றிடம் என்றால் தேங்காய் ஓட்டைத் தட்டியதுபோல் வரும். ஹாலில் மட்டும் பதினோரு டைல்ஸ் தேங்காய் ஓடு. ஒவ்வொன்றின் மேலும் கைப்பையிலிருந்த பிளாஸ்திரியை வெட்டி ஒட்டினாள். செல்வராஜ் சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் மாற்றித் தருவதாக ஒப்புக்கொண்டார். ஜெபசிங்தான் சிரிக்கவில்லை.

4

ஏனென்றால் அவன் ஒரு காரியம் செய்திருந்தான். டோக்கன் பணம் கொடுத்த மறு ஞாயிறே சபையில் எழுந்து நின்று, கர்த்தர் எங்களுக்குச் சொந்த வீடு தந்தார் என்று சாட்சி சொல்லிவிட்டான். சபையே ஸ்தோத்திரம் சொன்னது. பாஸ்டர் கண்ணீரோடு ஜெபித்தார். மார்கரெட் அத்தை ஜன்னல் திரைக்கு நிறம்கூடச் சொல்லிவிட்டாள். பத்திரம் மட்டும்தான் பாக்கி.*

[*சபையில் சொன்ன சாட்சியைத் திரும்பப் பெற வழி உண்டா என்று விசாரித்தேன். நான் கேட்ட ஆள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.]

அதனால் ஜாக்குலின் தட்டிய ஒவ்வொரு தட்டும் ஜெபசிங்குக்குத் தன் தலையில் விழுந்தது. அவள் கடைசியாகக் கேட்டதுதான் அவனால் தாங்க முடியாமல் போனது. மொட்டை மாடியில் மழைநீர்க் குழாய்களைத் துணியால் அடைத்து, நான்கு விரல் உயரம் தண்ணீர் கட்டி, இரண்டு நாள் விட வேண்டும். கீழே சீலிங்கில் ஈரம் தெரியக்கூடாது. இதை அவளுக்குச் சொன்னது வார்டில் கால் உடைந்து கிடந்த மணி என்ற கொத்தனார். [ரயிலில் அவள் "யாரோ சொன்னாங்க" என்றுதான் சொன்னாள். அந்த யாரோவின் காலை உடைத்தது நான். மன்னிக்கவும்.]

"ஆண்டவர் குடுத்த வூட்ல குத்தம் பாத்துகினு கீறியே, நாயமா?" என்றான் ஜெபசிங்.

"ஆண்டவர் கட்டிருந்தா நான் ஏன் பாக்கப்போறேன்? இத கட்னது செல்வராஜ் அண்ணன்."

பிறகு குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள்: "ஒழுவுற வூட்லதான் பொறந்து வளந்தேன். அப்ப யாரையும் கேக்க முடியல. இப்ப நாமளே துட்டு குடுத்து ஒழுவுற வூட்ட வாங்கணுமா?"

வியாழக்கிழமை தண்ணீர் கட்டினார்கள். அந்த இரண்டு நாளும் ஜாக்குலினுக்குச் சோறு இறங்கவில்லை. ஒழுகினால் வீடு போய்விடும். ஒழுகாவிட்டால் புருஷன் முகத்தில் எப்படி முழிப்பது?

5

முடிவு ஒன்று: சீலிங் முழுக்க ஈரம். ஜாக்குலின் கெட்டிக்காரி, மற்றவர்கள் மடையர்கள். அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: ஈரமே இல்லை. ஜெபசிங் "நான் அப்பவே சொன்னேன்ல" என்கிறான். இந்த வசனம் எங்கள் வீட்டிலேயே தேவைக்கு மேல் இருக்கிறது. அதையும் அடித்தேன்.

முடிவு மூன்று: அன்றைக்குப் பார்த்துப் பெருமழை பிடித்துக்கொள்ள, இருவரும் நனைந்தபடி...

சே.

6

சனிக்கிழமை காலை. செல்வராஜ் கதவைத் திறந்தார். ஜெபசிங் முன்னால் போனான். ஜாக்குலின் வாசலிலேயே செருப்பைக் கழற்றாமல் நின்றாள். ஹால் சீலிங் காய்ந்திருந்தது. சமையலறையும் அப்படியே.

"ஒரு பொட்டு ஈரம் இல்ல சிஸ்டர். திங்கக்கெழம பத்திரம் போட்டுக்கலாம்" என்றார் செல்வராஜ். ஜாக்குலினுக்கு அழுகையே வந்துவிட்டது. அவ்வளவு சந்தோஷம்.

ஜெபசிங் படுக்கையறையில் இருந்தான். ஓரமாகக் கிடந்த பெயிண்ட் டப்பாவைக் கிழக்கு மூலைக்கு இழுத்துப் போட்டு ஏறி, சீலிங்கில் உள்ளங்கையை வைத்து அழுத்தினான். வெகுநேரம் கையை எடுக்கவில்லை. பிறகு இறங்கி, கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான். மனைவியைப் பார்க்கவில்லை. செல்வராஜிடம்தான் பேசினான்.

"அண்ணாத்த, தண்ணிய தொறந்து வுடாத. இன்னும் ஒரு நாள் நிக்கட்டும்."

கையில் ஈரம் பட்டதா என்று ஜாக்குலின் கேட்கவில்லை. போய் அவன் பக்கத்தில் நின்றுகொண்டாள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். நாளை ஆராதனை எட்டு மணிக்கு. அதற்கு முன் ஆறரைக்கு வீட்டைத் திறப்பார்கள். நான் வரவில்லை, எனக்குத் தைரியம் போதாது. நீங்கள் போய்ப் பாருங்கள். படுக்கையறை, கிழக்கு மூலை. டப்பா அங்கேயேதான் கிடக்கிறது. மூடி கொஞ்சம் ஆடும், பார்த்து ஏறுங்கள்.