எஞ்சின் வெந்நீர்

கிறிஸ்துதாஸ் பயந்ததெல்லாம் தண்ணீரின் சூட்டுக்குத்தான். வேன் எஞ்சினிலிருந்து வரும் சூடு. அளவு தப்பினால் தோல் வழன்றுவிடும். அதனால் பைப்பை மனைவி லூர்துசெல்வி கையில் கொடுப்பதற்கு முன்னால் தன் புறங்கையில் விட்டுப் பார்த்தார், காலில் ஊற்றிப் பார்த்தார், பச்சைத் தண்ணீர் வால்வை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டார்.

போன வருஷம் லூர்துசெல்விக்கு சிக்குன்குனியா வந்தது. காய்ச்சல் போயிற்று, மூட்டு வலி போகவில்லை. காலையில் வெந்நீர் ஊற்றிக்கொண்டால்தான் அவளுக்கு விரலே மடங்கும். ஒரு பழைய பெட்ரோல் வேனை வாங்கி, அதிலேயே படுத்து அதிலேயே சமைத்து வால்பாறை வரை போய் வரவேண்டும் என்பது இரண்டு பேருக்கும் வெகு நாள் ஆசை. "வெந்நி இல்லாத ஊருக்கு நான் வரல" என்று அவள் ஒரே சொல்லில் முடித்துவிட்டாள். மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் மிஷின் மெக்கானிக்காக இருக்கும் மனுஷர் சும்மா இருப்பாரா? தட்டாஞ்சாவடியில் ஒரு நண்பரின் பட்டறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து வேலையை முடித்தார். எஞ்சினைச் சுற்றிவரும் சூடான தண்ணீர் ஒரு தகட்டுப் பெட்டிக்குள் ஒரு பக்கமாகப் போகும். கேனிலிருந்து வரும் நல்ல தண்ணீர் மறுபக்கமாகப் போகும். இரண்டும் கலக்காது, சூடு மட்டும் கைமாறும். எஞ்சின் ஓடினால் வெந்நீர், நின்றால் பச்சைத் தண்ணீர். பட்டறை வாசலில், திறந்த வெளியில், இரண்டு முறை ஓட்டிப் பார்த்துவிட்டார். அருமையாக வந்தது.

வால்பாறைக்கு முன்னால் ஒரு ராத்திரி வெளியில் தங்கிப் பார்க்கலாம் என்று வீராம்பட்டினத்துக்குத் தெற்கே கடலோரம் வந்து படுத்தார்கள். பொங்கல் முடிந்த வாரம். விடிந்ததும் சண்டை. ஞாயிற்றுக்கிழமை என்பது அவருக்கு நினைவில்லை.

"பூசைய விட்டுட்டு குளிக்கிறதுக்கா என்ன இங்க கூட்டினு வந்தீங்க?"

"சாயங்காலப் பூசைக்குப் போலாம் செல்வி."

"எல்லாத்துக்கும் ஒரு பதில் வெச்சிருப்பீங்க."

அவள் குளிக்க மறைவு வேண்டும். வலைக்காரர்கள் நடமாடுகிற இடம். கூரை போய் இரண்டு சுவர் மட்டும் நின்ற பழைய ஐஸ் கொட்டகை ஒன்று இருந்தது. அந்த மூலைக்குள் வேனின் பின்பக்கத்தைச் செருகி நிறுத்தினார். சுவருக்கும் வேனுக்கும் நடுவே மேலேயும் பக்கத்திலும் தார்ப்பாய் கட்டி, காற்றில் தூக்காமல் இருக்க அடியில் மணலைத் தள்ளி அணைத்தார். குளிருக்கு அடக்கமாக, சின்ன அறை போலவே இருந்தது. தனக்குத்தானே மெச்சிக்கொண்டார்.

"சூடு போதுமா?" என்று டிரைவர் சீட்டிலிருந்து குரல் கொடுத்தார்.

"போதும். நீங்க கம்முனு இருங்க."

கம்மென்று இருந்தார். சூடு காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னும் தண்ணி வேணுமா?" என்றார். பதில் இல்லை. கோபம் தணியவில்லை என்று நினைத்தார். முப்பது வருஷக் குடித்தனத்தில் அவளுடைய மௌனம் அவருக்குப் பழகிய ஒன்று. அது தானாக உடையும்வரை விட்டுவிடுவதுதான் வழக்கம். விட்டுவிட்டார்.

சத்தம்தான் முதலில் உறுத்தியது. தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. ஆனால் ஒரே இடத்தில், ஒரே மாதிரி விழுந்துகொண்டிருந்தது. ஆள்மேல் பட்டுச் சிதறுகிற சத்தமாக இல்லை.

"செல்வி?"

எஞ்சின் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

"ஏய் செல்வி, விளையாடாத."

இறங்கி ஓடித் தார்ப்பாயைத் தூக்கினார். சூடான புகைநெடி முகத்தில் அறைந்தது. வேனின் புகைக்குழாய் அந்த மூலைக்குள்ளேதான் நீட்டிக்கொண்டிருந்தது. அதை அவர் இப்போதுதான் பார்த்தார். லூர்துசெல்வி மார்பில் கட்டிய ஈரப் பாவாடையோடு சுவரில் சாய்ந்து, ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தாள். கண் பாதி திறந்திருந்தது. பைப் அவள் காலடியில் மணலில் குழி பறித்துக்கொண்டிருந்தது. முகம் வெளுக்கவில்லை, சிவந்திருந்தது. நன்றாகத் தூங்கி எழுந்தவள் போல.

கக்கத்தில் கைகொடுத்து இழுத்தார். அவருக்கே தலை சுற்றியது. முழங்கால் மடங்கி விழுந்தார். மூச்சை அடக்கிக்கொண்டு மண்டிபோட்டபடியே இழுத்தார். எஞ்சினிலிருந்து தகட்டுப் பெட்டிக்கு வந்த ஓஸ் காலில் மாட்டிப் பிடுங்கிக்கொள்ள, கொதிக்கும் தண்ணீர் சீறி அவர் கெண்டைக்காலில் அடித்தது. அது வெந்ததே அவருக்குத் தெரியவில்லை. வெட்டவெளியில் மணலில் கிடத்தி, சாவியைத் திருகி எஞ்சினை நிறுத்திவிட்டு வந்து கன்னத்தைத் தட்டினார்.

"மாதாவே... செல்வி, கண்ணத் தொற. பூசைக்குப் போலாம், இப்பவே போலாம், தொற."

மூச்சு இருந்தது. மேலோட்டமாக, விட்டு விட்டு. அவ்வளவுதான் இருந்தது. வேனை எடுக்க முடியாது. எஞ்சினுக்குள் இருந்த தண்ணீரெல்லாம் மணலில் ஆவி பறக்க ஓடிக்கொண்டிருந்தது. மண்ரோட்டில் மீன் பெட்டி ஏற்றிய குட்டி யானை வண்டி ஒன்று வந்தது. கையை விரித்து அதன் முன்னால் போய் நின்றார்.

ஓட்டிவந்தவர் அம்மாவாசை என்ற பெரியவர். இறங்கிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஆளில்லாத கரை, ஈரப் பாவாடையோடு மயங்கிக் கிடக்கும் பெண், பக்கத்தில் நடுங்கிக்கொண்டு ஒரு ஆண்.

"இன்னாய்யா பண்ண அந்தப் பொம்பளய?"

"என் சம்சாரங்க. வண்டிப் புகை. குளிச்சிக்கினு இருந்தா... புகை..."

"குளிக்கிற எடத்துல ஏதுய்யா புகை?"

கிறிஸ்துதாஸ் கையெடுத்துக் கும்பிட்டார். பெரியவர் அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தன் தோள்துண்டை எடுத்து அவள்மேல் போர்த்தி, கால்பக்கம் பிடித்துத் தூக்கினார். பெட்டிகளுக்கு நடுவே அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு கிறிஸ்துதாஸ் உட்கார்ந்தார். முருங்கப்பாக்கம் தாண்டும்வரை அவள் மூக்கருகில் வைத்த விரலை எடுக்கவில்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவில் அவர் செத்துச் செத்துப் பிழைத்தார்.

ஆஸ்பத்திரியில் அவள் விரலில் கிளிப்பை மாட்டினார்கள். "தொண்ணூத்தெட்டு காட்டுது. ஆக்சிஜன் நல்லாத்தான் இருக்கு, பயப்படாதீங்க" என்றார் நர்ஸ். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்ளத்தான் அவருக்கும் ஆசை. பட்டினியில் வந்த மயக்கம் என்று சொல்லிவிட்டால் போதும். தானே பூட்டிய மிஷின் என்று வெளியில் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மடியில் கிடந்த தலையின் கனம் இன்னும் தொடையில் இருந்தது.

"டாக்டர், அவ பெட்ரோல் வண்டிப் புகைய சுவாசிச்சிட்டா. மூடுன எடம். நான்தான் எஞ்சின ஓடவிட்டேன்."

இனியா என்ற அந்த டாக்டர் சட்டென்று திரும்பினார். "அப்படின்னா இந்தக் கிளிப்ப நம்பக்கூடாது. அந்தப் புகை ரத்தத்துல ஏறிட்டா இது நல்ல நம்பர்தான் காட்டும். மாஸ்க் போடுங்க, ஃபுல் ஆக்சிஜன். ரத்தம் எடுங்க. நீங்களும் உக்காருங்க சார், உங்களுக்கும் பாக்கணும்."

மத்தியானம் அவள் கண் திறந்தாள். அவருக்கு உயிர் வந்தது. ஆனால் அவள், "நான் தல தொவட்டிட்டேனா?" என்று கேட்டாள். துவட்டியாயிற்று என்றார். சற்றுப் பொறுத்து, முதல்முறை கேட்பவள் போல மறுபடி கேட்டாள், "நான் தல தொவட்டிட்டேனா?" மூன்றாவது முறை கேட்டபோது அவர் எழுந்து வராந்தாவுக்கு வந்துவிட்டார். ஆளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே இருந்தவளை அந்தப் புகை எடுத்துக்கொண்டதோ என்று தோன்றியது. அந்தப் பயத்துக்கு முன்னால் காலையில் பட்ட பயம் ஒன்றுமே இல்லை.

வராந்தாவில் அம்மாவாசை உட்கார்ந்திருந்தார். வெளியே வண்டியில் ஐஸ் உருகித் தார்ரோட்டில் வழிந்துகொண்டிருந்தது.

"இன்னும் போகலீங்களா? மீனு..."

"மீன் கெடக்குது. பொழச்சிக்கிச்சா?"

"கண்ணத் தொறந்துட்டா. பேச்சுதான் கொழம்புது."

பெரியவர் தலையாட்டினார். "நான் ஒனக்காகக் குந்தியிருக்கல. அந்தம்மாவுக்கு எதுனா ஆயிருந்தா போலீசுகிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன். நீயே டாக்டருகிட்ட ஒத்துக்கினத கேட்டேன். அப்பறமும் போவ மனசு வரல."

கிறிஸ்துதாஸ் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அப்போதுதான் கெண்டைக்கால் எரிவது அவருக்குத் தெரிந்தது.

சாயங்காலம் அவள் கேள்வி மாறியது. "மணி என்னாச்சு? சாயங்காலப் பூசையும் போச்சா?"

"போச்சு."

"நல்லா கூட்டினு போனீங்க" என்றாள் மாஸ்குக்குள்ளிருந்து. திட்டுதான். ஆனால் அதைக் கேட்டதும் அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

தலைவலியும் மறதியும் அவளை விட்டுப் போக ஒரு மாதம் ஆயிற்று. டாக்டர் இன்னும் இரண்டு முறை வரச்சொல்லிப் பார்த்தார், பயமில்லை என்றார். அவளுக்கு இல்லை. தகட்டுப் பெட்டியை அவர் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்.

"வால்பாறைக்கு எப்பப் போறோம்? கேஸ் அடுப்ப வெளில வெச்சி வெந்நி போட்டுக்கலாம்" என்று அவள்தான் கேட்கிறாள். அவர் உழவர்கரை வீட்டு வாசலில் நிற்கும் வேனைப் பார்க்கிறார். போன வாரம் ஒரு நாள் சாவியைப் போட்டுத் திருகினார். எஞ்சின் உறும ஆரம்பித்தது. உடனே நிறுத்திவிட்டு, அவள் எங்கே என்று வீட்டுக்குள் ஓடினார். அடுக்களையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பக்கத்தில் கிடந்த மணையைக் காலால் தள்ளிவிட்டு, "உக்காருங்க" என்றாள்.