மடையில் நட்ட நாணல்

கின்னித் முதல் நாற்றை ஊன்றாதவரை இம்புலா ஊரில் வேறு யாரும் நடவு நடக்கூடாது. மலைச்சரிவில் அடுக்கடுக்காக இறங்கும் அத்தனை வயல்களுக்கும் அவளுடையதுதான் தலைவயல். இதற்காக அவள் பெரிதாக எதையும் செய்துவிடவில்லை. அவள் அம்மாவுக்கு முதலில் பிறந்தாள், அவ்வளவுதான். தலைவயல் மூத்த பிள்ளைக்குப் போகும், ஆணானாலும் பெண்ணானாலும். ஆனால் நடவுக்காலம் நெருங்கினால் அவள் கழுத்து தானாக விறைத்துக்கொள்ளும். எதிரே வருகிறவர்கள், "எப்பக்கா நடவு?" என்று கேட்பார்கள். அவள் வானத்தைப் பார்ப்பாள், வெற்றிலையை மெல்லுவாள், துப்புவாள், பிறகுதான் பதில் சொல்லுவாள். அதற்குள் கேட்டவருக்குக் கால் கடுத்துவிடும்.

அவள் வயலுக்கு நேர் கீழே புகோங்கின் வயல். புகோங் அவளுடைய சித்தி மகன். மேல் வயலில் நிறையும் தண்ணீர் வரப்பு மடை வழியாக அவன் வயலுக்கு இறங்கும். அந்த வருஷம் மழை முன்னதாகவே நின்றுவிட்டது. ஓடையில் தண்ணீர் நூல் போல வந்தது. ஒரு நாள் காலை கின்னித் போய்ப் பார்த்தபோது அவள் வயலில் கணுக்கால்கூட நனையவில்லை. மடை இரண்டு கை அகலத்துக்கு வெட்டப்பட்டிருந்தது.

"டேய் புகோங்! யாரைக் கேட்டுடா மடைய அகலப்படுத்தின?"

கீழே நின்றிருந்த புகோங் மர மண்வெட்டியில் சாய்ந்துகொண்டான். "யாரையும் கேக்கலக்கா. என் வயல் வாயப் பொளந்துக்கிட்டுக் கெடக்கு. இப்படியே காஞ்சா மண்புழு வரப்புல ஓட்ட போட்டுரும், அப்புறம் தண்ணியே நிக்காது."

"என் வயல்ல மட்டும் புழு பட்டினி கெடக்குமாடா?"

"ஒனக்கென்ன, தலைவயல்காரி. தண்ணி இல்லன்னா தலையில சுமந்தாவது ஊரே கொண்டாந்து ஊத்தும்."

அவன் கேலியாகச் சொன்னானா வயிற்றெரிச்சலில் சொன்னானா என்று அவள் யோசிக்கவில்லை. நாலு பெண்கள் வரப்பில் நின்று சிரித்ததுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. விறுவிறுவென்று மடையைக் கல்லும் களிமண்ணும் வைத்துக் குறுக்கினாள். சரிவில் ஏறி ஒரு நாணல் தட்டையை ஒடித்து வந்தாள். தலையில் வளையம் போட்டு முடிந்து மடைக்குப் பக்கத்தில் ஊன்றினாள்.

நாணல் முடிச்சு நட்ட இடத்தில் யாரும் கை வைக்க மாட்டார்கள். கட்டியவர் யாரோ அவர்தான் பிடுங்க வேண்டும். திருடன்கூட முடிச்சைப் பார்த்தால் சுற்றிப் போவான். பெண்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். தம்பி முறைக்காரன் வயலுக்கு மேலே முடிச்சு நடுவது கொஞ்சம் அதிகம்தான். புகோங் முகம் கறுத்துவிட்டது. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் அடுத்த பள்ளத்தாக்கிலிருந்து ஆள் வந்தது. கின்னித்தின் தங்கை புருஷன் செத்துப்போயிருந்தான். அவள் ஒரு கோழியையும் போர்வையையும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அங்கே செத்தவனைக் குளிப்பாட்டி, தூண்கள் மேல் நின்ற வீட்டுக்கு அடியில் நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். சொந்தக்காரர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். பன்றிகள் வெட்டுப்பட்டன. அழுகிறவர்கள் அழுதார்கள், பங்கு இறைச்சி சிறுத்துவிட்டது என்று சண்டை போடுகிறவர்கள் சண்டை போட்டார்கள். பிணத்தை எடுப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அந்த மாதத்தில் பெய்ய வேண்டிய மழையே இல்லை அது. நாள் கணக்கில் விடாமல் ஊற்றியது. கின்னித் தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்து, "இனி வயலுக்குத் தண்ணிக் கவலை இல்ல" என்று நிம்மதியாக நினைத்துக்கொண்டாள்.

மழை விட்டதும் திரும்பினாள். மலைமுகட்டில் ஏறி நின்றால் இம்புலா முழுக்கத் தெரியும். எங்கும் பச்சையும் தண்ணீர்ப் பளபளப்பும். நடுவில் ஓர் இடத்தில் மட்டும் தோலுரிந்த மாதிரி சிவப்பாக இருந்தது. அது யார் வயல் என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. ஆனாலும் மேலேயிருந்து விரல் வைத்து எண்ணிப் பார்த்தாள். மறுபடி எண்ணினாள்.

தலைவயலின் கல்சுவர் நடுவில் பிளந்து, வயலில் பெரும்பகுதி மண் கீழே சரிந்து கிடந்தது. புகோங்கின் வயல் கண்ணுக்கே தெரியவில்லை.

சிநேகிதி ஓக்னாயா பாதையிலேயே வந்து நின்றாள். "மடையில எலையும் சருகும் வந்து அடச்சிக்கிச்சுடி. தண்ணி போக வழியில்ல. சொவரு வயித்தத் தள்ளிக்கிட்டு நின்னுச்சு. அப்புறம் ஒரே சத்தம்."

"யாரும் பாக்கலியா?"

"புகோங் பாத்தான். பகல் பூரா மடைகிட்டத்தான் நின்னான். நனஞ்சு நடுங்கிக்கிட்டு."

"நின்னானா? நின்னுக்கிட்டு என்ன பண்ணினான்?"

கின்னித் தலைச்சுமையைப் பாதையில் போட்டுவிட்டு நேராகப் புகோங் வீட்டுக்குப் போனாள். அவன் ஏணிப்படியில் உட்கார்ந்து கூடை பின்னிக்கொண்டிருந்தான்.

"ஏன்டா, கண்ணு அவிஞ்சா போச்சு ஒனக்கு? கைய விட்டு ரெண்டு பிடி சருக அள்ளிப் போட முடியலியா?"

"முடிச்சு இருந்துச்சு."

"மழையிலயுமா முடிச்சு!"

"மழை வந்தா முடிச்சு கிடையாதுன்னு நீ சொல்லிட்டுப் போகலியே." அவன் கூடையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நான் கைய வச்சு அப்புறம் சொவரு விழுந்திருந்தா என்ன சொல்லியிருப்ப? புகோங்தான் ஒடச்சான்னு ஊரக் கூட்டியிருக்க மாட்ட?"

அச்சு அசலாக அதைத்தான் சொல்லியிருப்பாள். அது அவனுக்கும் தெரிந்திருந்ததுதான் அவளுக்கு அதிக ஆத்திரத்தைக் கொடுத்தது.

"என் வயலும்தான் போச்சு" என்றான் புகோங். அவள் அதைக் காதில் வாங்காமல் திரும்பி நடந்தாள்.

இம்புலாவில் சுவர் விழுந்தால் யாரும் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. விடிந்ததும் ஆட்கள் கூடையும் கடப்பாரையுமாக வந்து இறங்குவார்கள். வயல்காரர் சோறும் அரிசிக் கள்ளும் கொடுத்தால் போதும். கின்னித் விடியுமுன் பெரிய பானையில் அரிசியைப் போட்டுவிட்டு வயலுக்குப் போனாள். ஆட்கள் வந்தார்கள். வரப்பு முனையில் நின்றார்கள். கொஞ்ச நேரம் பார்த்தார்கள். தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள். பிறகு ஒவ்வொருவராகத் திரும்பிப் போய்விட்டார்கள்.

பானைச் சோறு ஊசிப்போனது. அடுத்த நாளும் அப்படியே வந்தார்கள், நின்றார்கள், போனார்கள். கின்னித்துக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. தம்பிக்கு முடிச்சு நட்டதற்காக ஊர் தன்னைத் தள்ளி வைத்துவிட்டது என்று முடிவு கட்டினாள். கேட்கலாம்தான், ஆனால் கேட்க வாய் வரவில்லை. விறைத்த கழுத்து அவ்வளவு சீக்கிரம் வளையாது. தனியாகவே கல்லைப் புரட்டினாள். விதவை, ஒரே மகளும் கட்டிக்கொண்டு வேறு ஊர் போய்விட்டவள். ஒரு கல்லை மேலேற்றுவதற்குள் இரண்டு கல் உருண்டன.

கீழே புகோங் அவள் மண்ணின் மேல் இறங்கி வேலை செய்துகொண்டிருந்தான். மண்வெட்டியால் கட்டி உடைத்தான், நிரவினான், ஓரத்தில் சின்ன வரப்பு எடுத்து ஓடைத் தண்ணீரைத் திருப்பிவிட்டான். அவள் மேலேயிருந்து பார்த்துப் பல்லைக் கடித்தாள். "தண்ணியத் தின்னது போதாதுன்னு மண்ணையும் திங்கிறான்."

நாற்றங்கால்களில் நாற்று முற்றிக்கொண்டிருந்தது. இன்னும் தள்ளினால் ஊர் முழுக்க வருஷம் பூராவும் சர்க்கரைவள்ளிக் கிழங்குதான். பூசாரி தவுலாயன் அவளைத் தேடி வந்தார். நல்ல மனுஷர், ஆனால் எதையும் கனைத்துக் கனைத்துத்தான் சொல்லுவார்.

"பெரியவங்க பேசிக்கிட்டோம் கின்னித். இந்த வருஷம் தலைநடவ வேற வயலுக்குக் குடுத்துரலாம்னு..."

"எந்த வயலுக்கு?"

அவர் இருமினார். "புகோங் வயல்தான் அடுத்தது."

கைமாறிய தலைநடவு திரும்ப வராது. அது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். "நாளைக்கு வரைக்கும் பொறுங்க மாமா" என்று மட்டும் சொன்னாள். அவர் போனதும் சரிவிலேயே உட்கார்ந்து அழுதாள். அம்மாவிடமிருந்து வந்ததைத் தன் காலத்தில் தொலைத்துவிட்ட வெட்கம் அவளை அப்படி அழவைத்தது.

ஓக்னாயா கிழங்கு கொண்டுவந்தாள். அழுகையைப் பார்த்துக் கிழங்கைக் கீழே வைத்தாள்.

"ஊரே சேந்து என்னை ஒதுக்கிட்டீங்கல்ல" என்றாள் கின்னித். "ஒருத்தன், ஒரே ஒருத்தன் எறங்கினானா?"

"எப்படிடி எறங்குவான்?"

"ஏன், காலு இல்லியா?"

"ஏன்டி, நெசமாத்தான் கேக்குறியா?" ஓக்னாயா அவள் தோளைப் பிடித்து மடைப்பக்கம் திருப்பினாள். "அது என்னதுன்னு பாரு. வீம்புக்குத்தான் வச்சிருக்கேன்னு நாங்க நெனச்சோம். எவன் போயி ஒன்கிட்டக் கேக்குறது?"

சுவர் நடுவில்தான் விழுந்திருந்தது. மடை இருந்த ஓரம் அப்படியே நின்றது. அங்கே நாணல் தட்டை, மழையில் வெளுத்து, முடிச்சு அவிழாமல் நின்றுகொண்டிருந்தது. இத்தனை நாளும் கல்லைச் சுமந்துகொண்டு அதைத் தாண்டித்தான் போய் வந்திருக்கிறாள். கட்டியவளுக்கு அது கண்ணில் படவே இல்லை. மற்ற எல்லார் கண்ணுக்கும் அது மட்டும்தான் பட்டிருக்கிறது.

கின்னித் எழுந்து ஓடினாள். பிடுங்கிய வேகத்தில் பின்னால் விழுந்தாள். ஓக்னாயா சிரித்துவிட்டாள். விழுந்தவளுக்கும் சிரிப்பு வந்தது, அழுகையோடு.

விடிந்தபோது கூடையும் கடப்பாரையுமாக ஊரே வயலுக்குள் இறங்கியது. யாரும் ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. சுவர் வேலையில் கெட்டிக்காரனான ஒருவன் அடித்தளத்தைக் குத்திப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "அடியிலேர்ந்து எடுக்கணும்க்கா. நாத்து அதுவரைக்கும் தாங்காது."

தண்ணீர் நிற்காத இடத்தில் நாற்று ஊன்ற முடியாது. எல்லாரும் பூசாரியைப் பார்த்தார்கள். பூசாரி கனைத்துக்கொண்டு கீழே புகோங்கைப் பார்த்தார். அவன் முழங்கால் சேற்றில் நின்றிருந்தான்.

"என்னப்பா புகோங், ஒன் வயல் தயாரா இருக்கு போல. தலைநடவ நீ எடுத்துக்கிறியா?"

கின்னித் கையிலிருந்த கல்லைக் கீழே வைத்தாள். அவன் வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் இல்லை. அவள் அவன் இடத்தில் இருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பாள்.

"என் வயல் எங்க இருக்கு?" என்றான் புகோங். "அது இதுக்கு அடியில மூச்சு முட்டிக் கெடக்கு. இப்ப நான் நிக்கிறது அக்கா மண்ணுல. காஞ்சு செத்துரக் கூடாதேன்னுதான் தண்ணி கட்டினேன்." பிறகு மேலே பார்த்துக் கத்தினான்: "ஏக்கா, வேடிக்க பாத்துக்கிட்டு நிக்கிற? ஒன் மண்ணு ஒனக்காகக் காத்துக்கிட்டிருக்கு. நாத்த எடுத்துக்கிட்டு எறங்கு. அறுவட முடிஞ்சதும் மண்ணக் கூடையில அள்ளிட்டுப் போ, ஒரு பிடிகூட எனக்கு வேணாம்."

பெரியவர்கள் கொஞ்சம் விவாதித்தார்கள். தலைவயல் என்பது இடமா, மண்ணா என்று. பூசாரி முன்னோர் பெயர்களைச் சொல்லிக் கோழியை அறுத்துப் பித்தப்பையைப் பார்த்தார். பித்தப்பை நிறைந்து இருந்தது, நல்ல சகுனம். அத்துடன் விவாதம் முடிந்தது.

கின்னித் இடுப்பிலிருந்த வெற்றிலைப் பையைக் கழற்றிப் புகோங்கின் வரப்பில் வைத்துவிட்டுச் சேற்றில் இறங்கினாள். அம்மாவோடு சின்ன வயதில் இறங்கிய அதே மண்தான். காலுக்கு அது தெரிந்தது. முதல் நாற்றை ஊன்றினாள், அடுத்ததை ஊன்றினாள். வரிசை நேராக வந்தது.

முதல் நடவு முடிந்தால் அந்த வயலில் முடிச்சு நட்டு மூடிவிட வேண்டும். மறுநாள் அது பிடுங்கப்படும்வரை யாரும் உள்ளே கை நீட்டக்கூடாது. பூசாரி நாணல் தட்டையை அவளிடம் நீட்டினார். அவள் அதை வாங்கிப் புகோங்கிடம் கொடுத்தாள்.

"நீ கட்டு."

"தலைவயல்காரி நீதானே கட்டணும்?"

"மண்ணு என்னுது, எடம் ஒன்னுது. கட்டுடா. நான் கட்டினா கண்ணு தெரியாம போயிருது."

அவன் வளையம் போட்டு முடிந்து வரப்பில் ஊன்றினான். எல்லாரும் அரிசிக் கள்ளுக்குக் கிளம்பினார்கள். பாதி வழி ஏறிய பிறகு கின்னித் இடுப்பைத் தடவிப் பார்த்தாள். வெற்றிலைப் பை முடிச்சுக்கு அந்தப் பக்கம், வரப்பிலேயே இருந்தது. எட்டினால் கைக்குக் கிடைத்துவிடும். தூறல் வேறு போட ஆரம்பித்தது.

திரும்பி வந்து முடிச்சுக்கு முன்னால் நின்றாள். பை நனைவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். புகோங் பின்னால் வந்து நின்றான்.

"எடுத்துக்கோயேன்க்கா. வெத்தல அழுகிரும்."

"முடிச்சு இருக்குடா" என்று சொல்லிவிட்டு கின்னித் வெறும் வாயோடு மலையேறினாள்.